மடியிலேயே தூங்கிப்போன குழந்தைகளின் பெயரால் ஒரு நன்றி மடல்

சேலத்திலும் சேர்வராயன் மலை ஊர்களிலும் உள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் அம்மாயிகளுக்கும், வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கிற எங்களோடு நிற்கிற அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஒரு வயதுக் குழந்தையைத் தியேட்டர் வாசலில் அம்மா கையிலிருந்து வாங்கி, இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து, அது வீறிட்டு அழும்போதே மயக்க மாஸ்க் வைப்பது வெகுகாலம் சாதாரணமாக நடந்தது. அழுதால் என்ன, அஞ்சு நிமிஷத்தில் தூங்கிவிடும் என்பார்கள். அழுகை அங்கேயே முடிவதில்லை. அழுகிற குழந்தைக்கு எச்சிலும் சளியும் ஊறும், விழுங்கிய காற்றில் வயிறு உப்பும், குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ள வாய்ப்பு கூடும். பயந்துபோய் மயங்கிய குழந்தை பல நேரம் பயந்துபோயே எழும். வீட்டுக்குப் போன பிறகும் ராத்திரியில் அலறி எழுவது, அம்மாவை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொள்வது எல்லாம் சில நாள் தொடரும். இதையெல்லாம் மாற்றக் கைகொடுத்தவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பொய் சொல்லாத அம்மாக்களுக்கு. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, விடிவதற்கு முன்னால் வந்து சேர்ந்து, "நேத்து ராத்திரி மூக்கு ஒழுகுச்சுங்க, கொஞ்சம் காய்ச்சலும் இருந்துச்சு" என்று நீங்களாகவே சொன்னீர்கள். சொன்னால் தேதி தள்ளிப்போகும், கூலி போகும், மறுபடி பஸ் ஏற வேண்டும் என்று தெரிந்தேதான் சொன்னீர்கள். சளியும் காய்ச்சலும் உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய் புண்பட்ட தோல் மாதிரி, தொட்டாலே சுருங்கும். பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 3 முதல் 4 மில்லி ஆக்சிஜன் போதும். கைக்குழந்தைக்கு அதே எடைக்கு 6 முதல் 8 மில்லி வேண்டும். அதனால் குரல்வளை மூடிக்கொண்டால் சில நொடிகளிலேயே உதடு நீலம் பாய்ந்துவிடும். மஞ்சள் சளி, காய்ச்சல், நெஞ்சில் சத்தம் இருந்தால் குறைந்தது இரண்டு வாரமாவது தள்ளிப்போடுகிறோம். நீங்கள் மறைத்திருந்தால் எந்த மென்மையான மருந்தும் அங்கே உதவியிருக்காது.

பட்டினி நேரத்தைச் சரியாகக் காத்தவர்களுக்கும் நன்றி. கேழ்வரகுக் கூழ், பிஸ்கெட், மாட்டுப்பால், பவுடர் பால் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் போன்ற தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது பழைய கணக்கு. ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் 2018-ல் சேர்ந்து அதை 1 மணி நேரம் ஆக்கின. "எதுக்கு வம்பு" என்று ராத்திரி பத்து மணியிலிருந்தே வாயைக் கட்டிப்போடுகிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்றால் அது 12 மணி நேரப் பட்டினி. தொண்டை வறண்டு பசியில் கதறுகிற குழந்தையை எந்தச் சொட்டு மருந்தும் அடக்காது. விடிகாலை நாலு, ஐந்து மணிக்கு அம்மாக்களை எழுப்பி, "இப்ப ஒருதரம் பால் குடுத்துரும்மா, அப்புறம் வேண்டாம்" என்று சொல்கிற இரவுப் பணி சிஸ்டர்கள் செய்வது பாதி மயக்க வேலை என்றே சொல்வோம். அம்மாயிகளுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அன்று காலை உரைமருந்தும் வசம்பும் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சிலும் மூக்கிலும் தடவவே வேண்டாம். பிஞ்சுக் குழந்தையின் மூச்சையே அது தடுமாற வைக்கும்.

இனி, மயக்கத்துக்கு முன்னால் குழந்தையை அமைதியாகச் சொக்க வைக்கும் மருந்து. எல்லாக் குழந்தைக்கும் இது தேவையில்லை. ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தை யார் தூக்கினாலும் பெரும்பாலும் போய்விடும்; அதற்குத் துணியில் இதமாகச் சுற்றிக் கொடுப்பதும் ரப்பர் காம்பும் போதும். ஏழெட்டு மாதத்தில்தான் அம்மா முகம் மறைந்தால் அழுகிற பருவம் தொடங்குகிறது. அங்கிருந்து தள்ளித்தான் மருந்துக்கு வேலை.

நாங்கள் வெகுநாளாகக் கொடுத்துவருவது மிடாசோலம் என்ற தூக்க மருந்து. வாய்வழியாக ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 9 கிலோ குழந்தைக்கு 4.5 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்தில் 0.9 மில்லி. வேப்பங்காய்க் கசப்பு. அதை 2, 3 மில்லி சர்க்கரைப் பாகில் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தொண்டைக்கு நேராகப் பாய்ச்சினால் புரையேறும். தேன் கலந்தால் நன்றாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த அளவிலும் ஆகாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு அது வழி. பாதி துப்பிவிட்டால் கண்மதிப்பாக மறுபடி கொடுக்கக் கூடாது. உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 20, 30 நிமிடத்தில் கண் சொக்கும். சில குழந்தைகள் நேர்மாறாக வெறி பிடித்தது போல் அழும், அதுவும் இந்த மருந்தின் குணம்தான். மூக்கில் விட்டால் சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் அமிலத்தன்மையால் எரியும். அந்த எரிச்சலைப் பார்த்த பிறகு மிடாசோலத்தை மூக்கில் விடுவதை நாங்கள் கைவிட்டோம்.

இங்கே மருந்தகத்துக்கு ஒரு தனி நன்றி. மில்லிக்கு 1 மில்லிகிராம், மில்லிக்கு 5 மில்லிகிராம் என இரண்டு புட்டிகளும் பார்க்க ஒரே மாதிரி. மாறினால் ஐந்து மடங்கு. அவற்றைத் தனித்தனித் தட்டில் வைத்து, வேறு வேறு நிறத் தாள் ஒட்டி அனுப்புவது நீங்கள். எடையை அன்று காலையில் துணி களைந்து எடுத்து, அளவை மில்லிகிராமிலும் மில்லியிலும் எழுதி, இருவர் உரக்கப் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது வார்டு சிஸ்டர்கள். புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு ஆகிவிடும் என்பதால் ".5" என்று யாரும் எழுதுவதில்லை, "0.5" மட்டும்தான்.

இப்போது நாங்கள் அதிகம் நம்புவது மூக்கில் விடும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இன்னொரு தூக்க மருந்து. நிறம் இல்லை, எரிச்சல் இல்லை, மூச்சைப் பெரிதாக அமுக்குவதும் இல்லை. குழந்தைக்கு மூக்கு வழியாக என்று பெட்டியில் அச்சிட்டிருக்காது, ஆகவே பெற்றோரிடம் அதைச் சொல்லி ஒப்புதல் வாங்கித்தான் கொடுக்கிறோம். அளவு கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். 9 கிலோவுக்கு 2 வீதம் என்றால் 18 மைக்ரோகிராம். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் உள்ள நீர்க்காத மருந்தில் அது 0.18 மில்லி. சிரிஞ்சு முனையில் மாட்டும் தெளிப்புக் கூம்புக்குள் 0.1 மில்லி தங்கிவிடும் என்பதால் 0.28 மில்லி இழுக்க வேண்டும். இதை மறந்தால் பாதிக்கு மேல் மருந்து கூம்பிலேயே நின்றுவிடும், "மருந்து வேலை செய்யலை" என்று பழியும் மருந்தின் மேல் விழும்.

கொடுக்கும் விதம் இது. குழந்தை அம்மா மடியில் சாய்ந்திருக்க, அம்மாவின் கை அதன் நெற்றியில். சளி இருந்தால் முதலில் மெதுவாக எடுத்துவிட வேண்டும், சளியின் மேல் விழுந்த மருந்து சளியோடு போய்விடும். கூம்பை மூக்குத் துவாரத்தில் வைத்து, நேர் மேலே பாராமல் அதே பக்கத்துக் காதின் மேல்முனையைப் பார்த்துச் சாய்த்து, ஒரே தட்டில் வேகமாக அழுத்த வேண்டும். தயங்கி அழுத்தினால் பனியாகத் தெளிக்காது, சொட்டாக வழிந்து தொண்டைக்குப் போய்விடும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். குழந்தை ஒரு தும்மல் போடும், மூக்கைத் தேய்க்கும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு 30 முதல் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த மருந்தின் பலமும் பலவீனமும் ஒன்றே: இது இயல்பான தூக்கம் மாதிரி. தட்டினால் எழுந்துவிடும். வார்டில் அம்மா தோளில் அயர்ந்து தூங்கிய குழந்தை, ஸ்ட்ரெச்சரின் சக்கரம் படியில் தடதடத்ததும், தலைக்கு மேல் வெள்ளை விளக்கு பளீரென்று அடித்ததும் முழித்து அலறியது ஒன்றிரண்டு முறை இல்லை. அதனால்தான் ஸ்ட்ரெச்சரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "நீ தூக்கிட்டே வா கண்ணு" என்று அம்மாவைக் கூட்டி வருகிற ஆயாம்மாக்களுக்கும், அறுவை விளக்கை அணைத்து, மானிட்டரின் பீப் சத்தத்தைக் குறைத்து, கதவருகே யாரும் உரக்கப் பேசாமல் பார்த்துக்கொள்கிற தியேட்டர் அண்ணன்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். முந்தைய ஆபரேஷன் இழுத்தால் உடனே வார்டுக்குப் போன் போட்டு, "இன்னும் மருந்து விடாதீங்க" என்று சொல்கிற சிஸ்டருக்கும். நேரம் தப்பினால் குழந்தை தூங்கி எழுந்து, பசியோடு, முன்னைவிட எரிச்சலாக இருக்கும்.

மருந்து உள்ளே போனதிலிருந்து விரலில் ஆக்சிஜன் அளவி, கைக்கெட்டும் தூரத்தில் ஆக்சிஜன், சளி உறிஞ்சி, குழந்தை அளவு மாஸ்க்கும் மூச்சு கொடுக்கும் பையும், கண் எடுக்காமல் ஒரு ஆள். டெக்ஸ்மெடிடோமிடினில் நாடித்துடிப்பு கொஞ்சம் இறங்குவது வழக்கம். இதயத் துடிப்பின் கடத்தலில் கோளாறு உள்ள குழந்தைக்கு அதைக் கொடுப்பதில்லை. தூக்கத்தில் மூச்சு அடைபடும் குழந்தைக்கு மிடாசோலம் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்.

ஊசி வலியைக் குறைக்கும் களிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் தவறுகிறது. லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் 2.5 சதவீதம் கலந்தது. தைலம் மாதிரித் தேய்க்கக் கூடாது. கையின் பின்புறம் கெட்டியாக வைத்து, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி ஒட்டி, ஒரு மணி நேரம் விட வேண்டும். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு மொத்தமே 1 கிராம், 10 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மிஞ்சினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலமாகும். துடைத்த உடனே ஊசி போடப் போனால் ரத்தக்குழாய் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் தெரியும். குழந்தை நக்கிவிடாமல் மேலே துணி சுற்றிவிடுங்கள்.

செவ்வாய்பேட்டையில் வெள்ளி வேலை செய்கிற அண்ணனை இந்த ஊர் மடலில் சொல்லாமல் விட முடியாது. கொலுசும் வெள்ளி அரைஞாணும் இல்லாத குழந்தை இங்கே ஏது? அறுவையில் மின்கத்தி ஓடும்போது உடம்பில் உலோகம் இருந்தால் தோல் வேகலாம், கழற்றியே ஆக வேண்டும். அன்று காலை திருகாணியோடு மல்லுக்கட்டிக் காலை இழுத்துப் பிடித்தால், மருந்து கொடுப்பதற்கு முன்பே அழுகை உச்சத்துக்குப் போய்விடும். முந்தின நாள் திருகாணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, அரை மணி ஊறவைத்து, குழந்தை தூங்கும்போது இடப்பக்கமாகத் திருகச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். பாதத்து மைப்பொட்டையும், விரலில் மருதாணி இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒளியை வைத்துத்தான் ஆக்சிஜன் அளவி படிக்கிறது.

தூரத்தில் இருக்கும் சிலருக்கும் நன்றி. 1985-ல் அமெரிக்காவில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு உடலை அசையாமல் செய்யும் மருந்து மட்டும் கொடுத்து, வலி மருந்து இல்லாமல் இதயத்தருகே அறுவை நடந்தது. பிஞ்சுக்கு வலி தெரியாது என்பது அன்றைய நம்பிக்கை. குழந்தையை இழந்த பின் அதை உலகறியச் சொன்னவர் அதன் தாய் ஜில் லாசன். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கன்வல்ஜீத் ஆனந்த், வலி மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளே அறுவையை நன்றாகத் தாங்குகின்றன என்று 1987-ல் காட்டினார். "மயக்க மருந்து மூளையைக் கெடுக்குமா" என்று கேட்கும் அப்பாக்களுக்கு நாங்கள் தைரியமாகப் பதில் சொல்வது, 7 நாடுகளின் 28 மருத்துவமனைகளில் தங்கள் 722 குழந்தைகளை ஆய்வுக்குத் தந்த பெற்றோரால். குடலிறக்க அறுவைக்காக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒருமுறை மயக்கம் பெற்றவர்களுக்கும், விழித்திருக்க இடுப்புக்குக் கீழ் மட்டும் மரக்க வைத்து அறுவை செய்யப்பட்டவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை என்று 2019-ல் அந்த முடிவு வந்தது. நீண்ட, திரும்பத் திரும்ப வரும் மயக்கத்துக்கு இந்த உறுதி பொருந்தாது, அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

அடுத்து வரப்போகிற அம்மாக்களுக்கு: பருத்திப் புடவை ஒன்று கொண்டு வாருங்கள், துவைத்து நீங்கள் ஒருநாள் உடுத்தியதாக இருக்கட்டும். அதில் சுற்றியே குழந்தையை உள்ளே கொண்டு போகிறோம். மாஸ்க் வைத்ததும் கண் மேலே செருகும், கை ஒருமுறை உதறும், குறட்டை மாதிரி சத்தம் வரும். பயப்பட வேண்டாம், அது மயக்கத்தின் ஒரு படி. பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் சொல்லும்வரை நீங்கள் வழக்கமாகப் பாடுகிற தாலாட்டையே பாடுங்கள்.

அன்புடன்,
குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் குழுவினர்,
சேலம்.