ஞாயிறு காலை நடை: கீழே கிடப்பதன் கதை

வணக்கம் நண்பர்களே.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு ராயபுரம் ரயில் நிலைய வாசலில் கூடுகிறோம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அங்கிருந்து மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு வரை மெதுவாக நடை. தெருவில் யாரோ விட்டுப்போனதை நின்று பார்ப்பதுதான் வேலை.

போன மாதம் அங்கே ஒரு நைலான் வலைத் துண்டு கிடந்தது. ஒரே இடத்தில் மூன்று நிற நூலில் முடிச்சு. மூன்று முறை கிழிந்து, மூன்று முறையும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள். அந்தக் கையை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1. ஆளுக்கு ஒரு பொருள் போதும். எங்கே, எப்படிக் கிடந்தது என்று நோட்டில் நாலு வரி எழுதுங்கள்.
2. போட்டோ மட்டும் எடுங்கள். கண்ணாடி, ஊசி பக்கம் கை போகவே வேண்டாம்.
3. பழைய பொருள் பொறுக்குபவர்களின் மூட்டையைத் தொடாதீர்கள். அது அவர்களுடைய அன்றைய கூலி.
4. ஞாயிறு மீன் வாங்கக் கூட்டம் நெரியும். வழுக்காத செருப்பு, தண்ணீர் பாட்டில் அவசியம்.

பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அவர்கள் கண்ணுக்குத்தான் நிறைய தெரியும். அப்புறம் டீ குடித்துக்கொண்டே எழுதியதை வாசிப்போம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.