எங்கள் பெயரால் நீங்கள் புண்படாதீர்கள்

அமெரிக்காவின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களை நடத்தும் நிறுவனங்களின் தலைவர்களுக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பர் 17ஆம் தேதி, புதன்கிழமை, நெக்ஸ்டார் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வலதுசாரி அரசியல் பேச்சாளர் சார்லி கிர்க்கின் படுகொலையை ஒட்டி, இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் பேசியது புண்படுத்துகிறது; எங்கள் நிலையங்கள் இருக்கும் ஊர்களின் கருத்துகளையும் விழுமியங்களையும் அது பிரதிபலிக்கவில்லை; ஆகவே ஏபிசி வலையமைப்பின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் எங்கள் நிலையங்களில் அவர் நிகழ்ச்சி வராது. அறிக்கையின் சாரம் இதுதான். சின்க்ளேர் நிறுவனமும் அதே வழியில் போனது. அன்றே, டிஸ்னிக்குச் சொந்தமான ஏபிசியும் நிகழ்ச்சியைக் காலவரையின்றி நிறுத்தியது.

நீங்கள் சொன்ன அந்த ஊர்களில் வாழ்பவர்கள் நாங்கள். கொலையாளி தங்கள் ஆள் இல்லை என்று காட்ட டிரம்ப் ஆதரவாளர்கள் துடிக்கிறார்கள், கொலையை வைத்து அரசியல் ஆதாயம் தேடுகிறார்கள் என்று கிம்மல் பேசியது திங்கள் இரவு. இடையில் இருந்தவை இரண்டே பகல்கள். எங்களில் பலர் அந்தப் பேச்சை அதுவரை கேட்டிருக்கவே இல்லை. கேட்டவர்களில் சிலர் கொதித்தார்கள், சிலர் தலையாட்டினார்கள், பலர் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். எங்களிடம் எதையும் கேட்காமல் எங்கள் விழுமியம் இன்னது என்று அறிக்கை எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கிம்மல் அன்று சொன்ன அந்த வாக்கியம் எனக்கும் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வயது மனிதர் ஒருவர் யூட்டா பள்ளத்தாக்குப் பல்கலைக்கழக வளாகத்தில், மாணவர்கள் கண்ணெதிரே கழுத்தில் சுடப்பட்டு இறந்து ஐந்து நாள்கூட முழுதாக முடியவில்லை. கொலையாளி எந்த அரசியல் பக்கம் என்பதைக் குறிப்பாகச் சுட்டும் பேச்சுக்கு அது நேரமல்ல. கிர்க்கை நேசித்தவர்கள் அதைக் கேட்டுக் கோபப்பட்டார்கள் என்றால் அந்தக் கோபம் நியாயமானது. கொலை நடந்த அன்றே, விரல் நீட்டிக் குற்றம் சாட்டுவதை ஒரு நாளாவது நிறுத்திவைத்து, ஒரு மனிதனைச் சுடுவது கொடூரம் என்று ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டவரும் இதே கிம்மல்தான். தான் எழுதியதை அவரே நினைவில் வைத்திருக்கலாம்.

ஆனாலும் அந்தக் கோபம் எங்களுடையது. அதை எடுத்து உங்கள் கையில் ஆயுதமாக்கிக்கொள்ள நாங்கள் கொடுக்கவில்லை.

ஒரு தேசம் அடிபட்டுக் கிடக்கும் இரவில், சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை ஏன் போய்ப் பார்க்கிறோம்? செய்தி வாசிப்பவர் நிதானம் இழக்கக் கூடாது. அதிபர் உறுதி குலையாமல் பேசியாக வேண்டும். பாதிரியார் ஆறுதல் சொல்லியாக வேண்டும். 'என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்லும் சலுகை நையாண்டிக் கலைஞருக்கு மட்டும்தான் இருக்கிறது. வாரத்தில் நான்கைந்து இரவு நாம் பார்த்துப் பழகிய முகம் அது. எந்த இடத்தில் புருவம் உயரும், எந்த இடத்தில் குரல் ஏறும் என்பது நமக்கு மனப்பாடம். அந்த முகம் கோணும்போதுதான் அடி எவ்வளவு ஆழம் என்று நமக்கே உறைக்கிறது.

2001 செப்டம்பர் 20ஆம் தேதி இரவை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரவு நிகழ்ச்சித் தொகுப்பாளர்களில் டேவிட் லெட்டர்மேன் 17ஆம் தேதியே திரைக்குத் திரும்பிவிட்டார். ஜான் ஸ்டூவர்ட் தன் நையாண்டி நிகழ்ச்சியான 'த டெய்லி ஷோ'வுக்கு அன்றுதான் வந்தார். வந்ததும் பார்வையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்: ஆடிப்போன தொகுப்பாளர் ஒருவரின் மிகையான உரையோடு தொடங்கும் இன்னொரு கேளிக்கை நிகழ்ச்சியை உங்கள் தலையில் கட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. முகம் சுளிக்கப் போகிறவர்களை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார். அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

தன் ஐந்து வயதுக் கதை ஒன்றைச் சொன்னார். 1968. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு ஊரில் கலவரம். பள்ளியில் விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை மேசைக்கு அடியில் உட்கார வைத்தார்கள். சூடான சாப்பாடு கிடையாது. காட்டேஜ் சீஸ் கொடுத்தார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாத பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது: மேசைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட விடுகிறார்களே! இதைச் சொல்லும்போது அரங்கம் சிரித்தது. அவர் குரல் மட்டும் உடைந்துகொண்டே போனது. இடிபாடுகளில் வேலை செய்துகொண்டிருந்த தீயணைப்பு வீரர்களையும் காவலர்களையும் நாட்டின் பல பக்கங்களிலிருந்து உதவ வந்தவர்களையும் பற்றிப் பேசி, கிங் கண்ட கனவு இந்த மீட்சியில்தான் நனவாகிறது என்றார். கடைசியில், தன் வீட்டு ஜன்னலிலிருந்து முன்பு உலக வர்த்தக மையம் தெரிந்தது, இப்போது அது இல்லை, தெற்கு மன்ஹாட்டனிலிருந்து தெரிவது சுதந்திர தேவி சிலை என்று சொல்லி முடித்தார்.

இன்றும் செப்டம்பர் பிறந்தால் அந்த உரையைத் தேடிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறவர்கள் உண்டு. செத்தவர்களின் குடும்பங்கள் பேசவேண்டிய இடத்தில் டிவி நடிகர் அழுகிறாரே என்று எரிச்சல்படுகிறவர்களும் உண்டு. நான் முதல் வகை. இரண்டாம் வகையினரும் தவறானவர்கள் அல்ல என்றே நினைக்கிறேன். யாரும் அவர்களுக்காக அந்த உரையை நிறுத்தவில்லை. பிடிக்காதவர்கள் தாங்களே எழுந்து போனார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத் துக்க வீடுகளில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அழுவதில்லை. ஒருத்தி மாரில் அடித்துக்கொள்வாள். ஒருவர் திண்ணையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் போனவரின் பழைய குறும்பைச் சொல்லிச் சிரித்துவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இடம் பொருள் தெரியாமல் எதையாவது உளறி, பெரியவர்களிடம் ஏச்சு வாங்குகிறவரும் ஒருவர் இருப்பார். ஏசுவது உறவுக்காரர்களின் உரிமை. பந்தல் போட்டவர் உள்ளே வந்து அவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை.

நீங்கள் பந்தல் போட்டவர்கள்.

ஸ்டூவர்ட் அழுவதற்கு மூன்று நாள் முன்பு, செப்டம்பர் 17 அன்று, நகைச்சுவையாளர் பில் மாஹர் தன் 'பொலிட்டிக்கலி இன்கரெக்ட்' நிகழ்ச்சியில், விமானத்தோடு கட்டடத்தில் மோதியவர்களை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கோழைகள் என்று சொல்ல முடியாது என்றார். தொலைவிலிருந்து ஏவுகணை விட்ட நாம்தான் கோழைகள் என்றும் சேர்த்தார். பிணங்களை இன்னும் தேடிக்கொண்டிருந்த வாரம் அது. பென்டகனில் மோதிய விமானத்தில் இறந்த அரசியல் விமர்சகர் பார்பரா ஓல்சன், அந்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ளத்தான் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பியிருந்தார். அவருக்காக மாஹர் மேடையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். அதே மேடையில் அந்தப் பேச்சு. பார்த்தவர்கள் கொந்தளித்தார்கள். மாஹர் மன்னிப்பும் கேட்டார். ஃபெடெக்ஸும் சியர்ஸும் விளம்பரத்தை விலக்கின. சில உள்ளூர் நிலையங்கள் நிகழ்ச்சியை எடுத்தன. மக்கள் பேசுவதைக் கவனித்துப் பேச வேண்டும் என்று வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் எச்சரித்தார். 2002 ஜூனில் நிகழ்ச்சி முடிந்தது. அதுவும் ஏபிசிதான். மாஹர் விட்டுப்போன அந்த நள்ளிரவு நேரத்துக்குத்தான் 2003 ஜனவரியில் கிம்மல் வந்தார்.

அன்று கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் நிகழ்ச்சியையே ஒழிக்கச் சொன்னார்கள், எத்தனை பேர் மாஹருக்கு இரண்டு வார்த்தை சூடாகச் சொல்லிவிட்டு மறுநாளும் பார்க்க நினைத்தார்கள்? யாரும் கணக்கெடுக்கவில்லை. விளம்பரதாரரின் அச்சமும் நிலையத்தின் அச்சமும் சேர்ந்து 'பொதுமக்களின் எதிர்ப்பு' என்ற பெயரைப் பெற்றுவிட்டன. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்தும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

2015 ஜூன் 17 அன்று தெற்குக் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் ஆலயத்தில் பைபிள் வகுப்பில் இருந்த ஒன்பது கறுப்பினத்தவர்களை ஒருவன் சுட்டுக்கொன்றான். கொல்லும் முன் அவர்களோடு சேர்ந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தவன். மறுநாள் இரவு ஸ்டூவர்ட், காலையில் வந்து செய்தியைப் பார்த்து நகைச்சுவை எழுதுவது ஒன்றுதான் என் வேலை, இன்று அதைச் செய்யவில்லை, துக்கத்தைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை என்றார். இந்த முறை 2001இன் நம்பிக்கை அவர் பேச்சில் இல்லை. வெளியிலிருந்து ஆபத்து என்றால் படையெடுக்கிறோம், நம்மை நாமே கொன்றால் ஒன்றும் செய்ய மாட்டோம் என்றார். அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போர் நடத்திய தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடி தெற்குக் கரோலினாவில் பறப்பதையும், கறுப்பின மக்கள் அந்தக் கூட்டமைப்பின் தளபதிகளின் பெயர் தாங்கிய சாலைகளில் வண்டி ஓட்ட வேண்டியிருப்பதையும் சொன்னார். அன்றைய விருந்தினர் தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்த மலாலா யூசஃப்சாய். தங்கள் மாநிலத்தின் கொடியையும் சாலையையும் ஒருவர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு குற்றம் சொல்கிறார் என்று மனம் கசந்த தெற்கத்தியர் இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுத் திரையும் அன்று இரவு இருளவில்லை. கேட்டார்கள், திட்டினார்கள், விவாதித்தார்கள். அந்தக் கோடையில் நாடே அந்த விவாதத்தைத்தான் நடத்தியது. ஜூலை 10 அன்று சட்டமன்ற வளாகத்திலிருந்து கொடி இறக்கப்பட்டது. ஒரு நகைச்சுவையாளரால் இறங்கியது என்று சொல்ல மாட்டேன். இறந்தவர்களின் உறவினர்களும் அந்த மாநிலத்து மக்களும் இறக்கியது அது. ஆனால் விவாதம் காதில் விழாதபடி யாரும் ஒலியைக் குறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2025க்குத் திரும்புகிறேன். நீங்கள் முடிவெடுத்த அதே நாளில், மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் ஒரு நேர்காணலில், இதை எளிதான வழியிலும் செய்யலாம், கடினமான வழியிலும் செய்யலாம் என்று ஏபிசியை எச்சரித்திருந்தார். உங்களுக்கு உரிமம் தரும் ஆணையம் அது. ஒளிபரப்பில் தணிக்கை செய்யக் கூடாது என்று 1934ஆம் ஆண்டுச் சட்டமே அந்த ஆணையத்தின் கையைக் கட்டியிருக்கிறது. உள்ளூர் நிலையங்களை நடத்தும் இன்னொரு நிறுவனமான டெக்னாவை 620 கோடி டாலருக்கு வாங்க நெக்ஸ்டார் அந்த ஆணையத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. ஆணையத்தோடு பேசாமல் தாங்களே எடுத்த முடிவு என்று நெக்ஸ்டார் சொல்கிறது. அப்படியே இருக்கட்டும். கிர்க்கின் நண்பர்கள் பக்கம் நிற்கும் டெட் குரூஸ் போன்ற செனட்டரே பிரெண்டன் காரின் பேச்சைத் தாதாக்களின் மிரட்டலோடு ஒப்பிட்டுக் கண்டித்தார் என்பதையும் பாருங்கள். கிம்மலைப் பிடிக்காதவர்கள் எல்லோரும் அவர் வாயை அடைக்க விரும்பவில்லை. எங்கள் மனம் உங்கள் அறிக்கையைவிட அகலமானது.

பார்வையாளர்கள் உண்மையிலேயே என்ன நினைத்தார்கள் என்பது அடுத்த சில நாட்களில் தெரிந்தது. டிஸ்னியின் சந்தாவை ரத்து செய்தவர்கள் இருந்தார்கள். ஹாலிவுட்டில் அவர் அரங்கத்துக்கு வெளியே பதாகையோடு நின்றவர்கள் இருந்தார்கள். கிம்மல் செப்டம்பர் 23 அன்று திரும்பியபோது, நாட்டின் கால்வாசி வீடுகளை எட்டும் உங்கள் நிலையங்கள் அவரைக் காட்டவில்லை. அப்படியும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஓர் இளைஞரின் கொலையை இலேசாக எடுத்துக்கொள்வது என் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்று சொல்லும்போது அவர் தொண்டை அடைத்தது. கணவனைக் கொன்றவனை மன்னிக்கிறேன் என்று எரிகா கிர்க் சொன்னதைக் குறிப்பிட்டபோதும் தடுமாறினார். போதாது என்றார்கள் சிலர். போதும் என்றார்கள் சிலர். முந்தைய வாரம் கோபப்பட்ட ஒருவர் அதைக் கேட்டிருந்தால் கோபம் தணிந்திருக்கலாம், கூடியும் இருக்கலாம். உங்கள் ஊர்களில் இருந்தவருக்கு அந்த வாய்ப்பு அன்றிரவு டிவியில் கிடைக்கவில்லை. யாருடைய மனம் புண்பட்டது என்று அறிக்கை விட்டீர்களோ, அவருக்குச் சொல்லப்பட்ட பதிலை அவரிடமிருந்தே மறைத்தீர்கள். எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

26ஆம் தேதி நிகழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பார்வையாளர்களும் விளம்பரதாரர்களும் ஊர்ப் பெரியவர்களும் சொன்னதைக் கேட்டோம் என்றது சின்க்ளேர். கேட்டதற்கு நன்றி. நிறுத்துவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். ஏபிசி வலையமைப்பு முழுவதற்கும் சுதந்திரமான குறைதீர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று அந்த நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது. நல்ல யோசனை. அதை உங்கள் நிலையங்களிலிருந்தே தொடங்குங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த துயரம் வரும்போது, அன்று இரவுத் தொடக்க உரையை வெட்டாமல் போடுங்கள். மறுநாள் உங்கள் நிலையத்துக்கு வரும் அழைப்புகளையும் கடிதங்களையும் பதிவு செய்து, எதிர்த்தவர் எத்தனை, ஆதரித்தவர் எத்தனை என்று பொதுவில் வெளியிடுங்கள். கோபமாக எழுதியவர்களின் கடிதங்களைச் செய்தி நேரத்தில் வாசியுங்கள். அவர்களுக்கும் அந்த மரியாதை வேண்டும். அதற்குப் பிறகும் நிகழ்ச்சியை எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், அதற்கு முன் அரசிடமிருந்தோ விளம்பரதாரரிடமிருந்தோ யார் உங்களோடு பேசினார்கள் என்பதை அறிக்கையின் முதல் பத்தியில் எழுதுங்கள். ஊர் மக்களின் விழுமியம் என்ற சொற்களை, ஊர் மக்களிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இதில் எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய மாட்டீர்கள் என்பதற்கு உங்களிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்