ஓடி முடித்த பிறகு வரும் இருமல்

நீடாமங்கலம்,
மார்கழி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று டெல்லியிலிருந்து போனில் பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினாய். "பனிதாம்ப்பா" என்று பேச்சை மாற்றிவிட்டாய். அம்மா சுக்குப் பொடி பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சுக்கோடு தீருமென்று தோன்றவில்லை.

ஓட்டம் முடிந்து ஐந்து, பத்து நிமிஷத்தில் நெஞ்சு இறுகி இருமல் வருகிறதா? ஒரு மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடுகிறதா? அப்படியென்றால் அது வெறும் சளியாக இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். 5,000 மீட்டர் ஓடும் உனக்கு 100 லிட்டருக்கு மேல் வேண்டும். அதில் பெரும்பங்கு வாய்வழியாகத்தான் போகும். மூக்கு மாதிரி வாய் காற்றைச் சூடாக்காது, தூசியையும் வடிகட்டாது. குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிட, சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது.

நம் கோரையாற்றங்கரையில் மார்கழியிலும் நீ இருமாமல் ஓடியவள். இங்கே பனியென்றால் ஈரம்; கரையில் நடந்தாலே துண்டு நனைந்துவிடும். தை அறுப்பில்தான் உனக்கு வினை. பத்தாவது படிக்கும்போது, அறுப்பு மெஷின் கிளப்பிய சுணையும் தூசியும் கரை முழுக்க மிதந்த ஒரு சாயங்காலம், முழங்காலில் கையூன்றி நின்றாய். நெஞ்சிலிருந்து விசில் மாதிரி சத்தம் வந்தது. நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி "இன்னும் ஒரு ரவுண்டு" என்றேன். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டராக இருந்தும் அன்று உன் மூச்சைக் கேட்காமல் விட்டேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

டெல்லியில் விடியற்காலையில் ஓடாதே. நம் ஊரில் அதுதான் சுத்தமான நேரம். அங்கே குளிர்காலத்தில் ராத்திரிப் புகை தரையோடு தேங்கிக் கிடக்கும். வெயில் ஏறினால்தான் கொஞ்சம் கலையும். கோடையில் வேறு கதை: வெயிலில் ஓசோன் சேர்வதால் மத்தியானமும் பிற்பகலும் ஆகாது. கிளம்புமுன் போனில் பி.எம். 2.5, அதாவது காற்றிலுள்ள நுண்தூசி அளவு, பார். ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. அதற்கு மேல் எகிறிக் கிடக்கும் நாளில் உள்ளேயே பயிற்சி செய். ஹைலே கெப்ரசெலாசி மாரத்தான் உலக சாதனையைக் கையில் வைத்திருந்தவர், ஆஸ்துமாக்காரர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அந்த ஊர்க் காற்றுக்குப் பயந்து மாரத்தானை விட்டுவிட்டு 10,000 மீட்டர் மட்டும் ஓடினார். அவரை யார் கோழை என்றார்கள்?

இந்த வாரமே நெஞ்சு டாக்டரைப் பார். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சு அளக்கும் கருவியில் ஊதச் சொல்வார். முதல் நொடியில் ஊதும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ ஓடிய பிறகு குறைந்தால், மூச்சுக்குழாய் இறுகுவது தெரிந்துவிடும். இன்ஹேலர் கொடுத்தால் வெட்கப்படாதே. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தை இன்ஹேலரில் உறிஞ்சுவதற்கு ஊக்கமருந்து விதியே அளவோடு அனுமதிக்கிறது. கோச்சிடமும் மறைக்காதே. அதுவரை வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு, நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு ஓடு.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது களத்துப் பக்கம் வேண்டாம். அறுப்பு இல்லாத கரையாகப் பார்த்து வைக்கிறேன்.

அப்பா