பாண்டிக்கு: திருநகர் வீட்டு விருந்தினர் குளியலறை பற்றி

மேலூர்
தை 18

அன்புள்ள பாண்டி,

இங்கே எல்லோரும் நலம். அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அக்காமார் மூவரும் பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள் என்று கேட்டதில் உன் தங்கச்சிக்கு ரொம்பச் சந்தோஷம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எங்களையும் எதிர்பார். விருந்தினர் குளியலறையைப் புதுப்பிக்கும் விஷயத்தை போனில் சொன்னால் கொத்தனார் முன்னால் மறந்துபோகும், எழுதி அனுப்பு என்றாய். நீ அனுப்பிய படங்களையும் அளவையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வை. அது வருடத்தில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கப்போகிற அறை. தினமும் புழங்கும் குளியலறைக்குச் சரியாக இருப்பதெல்லாம் இதற்குச் சரிவராது. கதவைத் திறந்ததும் அடிக்கும் நாற்றம், கரப்பான், இறுகிப்போன குழாய், பூசணம் பிடித்த மூலை எல்லாமே யாரும் புழங்காததால் வருபவை. கடையில் மாதிரி அறையைப் பார்த்து மயங்கும்போது இதை நினைத்துக்கொள்.

நாற்றத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தரையில் தண்ணீர் வடியும் துளைக்கடியில் இருக்கும் நானி ட்ராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சாக்கடைக் காற்றும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பங்குனி, சித்திரை வெயிலில் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் சில வாரங்களில் வற்றிவிடும். பிறகு எத்தனை ஃபினாயில் ஊற்றினாலும் நாற்றம் திரும்ப வரும். உன் வீட்டில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. சாப்பாட்டு அறையில் கை கழுவும் பேசின் இந்தக் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே? அதன் கழிவுக் குழாயைத் தனியாக வெளியே விடாமல், பக்கவாட்டில் வழி உள்ள மல்ட்டி ஃப்ளோர் ட்ராப் வாங்கி, 40 மில்லி குழாயில் அதற்குள் விடச் சொல். தினமும் நீங்கள் கை கழுவும் தண்ணீரே ட்ராப்பை நிரப்பி வைக்கும். சுத்தம் செய்ய மேல்மூடி கழற்ற வருகிறதா என்று பார்த்து வாங்கு. ட்ராப்பிலிருந்து வெளியேறும் குழாய் 75 மில்லி. அது வீட்டுக்கு வெளியே தரையில் பதிக்கும் கல்லி ட்ராப்பில் விழட்டும். கழிப்பறைக் குழாய் 110 மில்லி. அதை நேராகக் கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டியான சேம்பருக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டையும் தரைக்கடியில் ஒன்றாகச் சேர்க்க பிளம்பர் சொல்வார், சம்மதிக்காதே. கமோடில் தண்ணீர் விடும்போது அந்த இழுப்பு ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். 110 குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, நாற்பதுக்கு ஒன்று முதல் அறுபதுக்கு ஒன்று வரை, அதாவது பத்தடிக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம் இருக்கட்டும்.

பழைய டைல்ஸ் மேலேயே புதிதை ஒட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஓரடி உயரத்துக்கு உப்புப் பூத்து பெயிண்ட் உரிந்திருப்பது படத்தில் தெரிகிறது. ஈரம் உள்ளிருந்து வருகிறது, அதை மூடிப் புதைப்பதால் நிற்காது. தவிர, தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்து தண்ணீர் அறைப் பக்கம் திரும்பும். தரையையும் சுவரையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்கச் சொல். பழைய இரும்புக் குழாய்களைத் துண்டுகூட விடாமல் எடுத்துவிடு. அடைத்துவிட்டு உள்ளேயே விட்ட துண்டுதான் பின்னால் துருப்பிடித்து ஒழுகும்.

புதிய தண்ணீர்க் குழாய் சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் போதும், பிரதான வரிசை முக்கால் அங்குலம், ஒவ்வொரு குழாய்க்கும் பிரிவது அரை அங்குலம். உன் வீடு தூண் இல்லாமல் சுவர் தாங்கும் வீடு என்பதால், குழாய் புதைக்கச் சுவரில் காடி வெட்டுவதில் கவனம் வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் செங்குத்துக் காடி மூன்று அங்குல ஆழத்தையும், படுக்கைக் காடி ஒன்றரை அங்குலத்தையும் தாண்டக் கூடாது. குழாயை மேலிருந்து இறக்கினால் படுக்கைக் காடியே அதிகம் தேவைப்படாது. பசை காய ஒரு நாள் விட்டு, கை பம்ப் வைத்து 10 கிலோ அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் 24 மணி நேரம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பூசவிடு. டேங்க் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒழுகவில்லை என்று சொல்வது சோதனை ஆகாது.

அந்த அழுத்தம் பற்றியே ஒரு வார்த்தை. தலைக்கு மேல் அகலமாக மழை போலக் கொட்டும் ஷவர் வேண்டும் என்கிறாய். ஒரு பார் அழுத்தத்துக்கு 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். உன் மாடித் தொட்டியின் அடிமட்டம் தரையிலிருந்து 14 அடி, ஷவர் 7 அடி. மிஞ்சுவது ஏழடி, அதாவது 0.2 பார் சொச்சம். இதில் அந்த ஷவர் சொட்டும், கொட்டாது. சூடும் குளிரும் ஒரே கைப்பிடியில் கலந்து வரும் டைவர்ட்டர்களும் பெரும்பாலும் இதற்கு மேல் அழுத்தம் கேட்பவை. இந்த ஒரு குளியலறைக்காக பிரஷர் பம்ப் போடுவது வீண். சூடு, குளிர் இரண்டுக்கும் தனித்தனிக் கைப்பிடி உள்ள வால் மிக்ஸர், சாதாரண ஷவர், கீழே வாளிக்கு ஒரு குழாய் போதும். அக்காமார் வாளியும் சொம்பும்தான் கேட்பார்கள்.

தண்ணீர்தான் நம் பக்கத்துப் பெரிய வில்லங்கம். போர் தண்ணீரின் உப்பு, ஷவர் கண்களை அடைக்கும். கண்ணாடித் தடுப்பில் வெள்ளைத் திட்டாகப் படியும், ஆகவே அந்தக் கண்ணாடித் தடுப்பைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடு. கீசர் உள்ளே உப்பு படிவது சூட்டோடு கூடும். உன் மாடியில் போர் தண்ணீருக்கும் மாநகராட்சித் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி இருப்பது நல்லதாகப் போயிற்று. ஃப்ளஷ், ஹெல்த் ஃபாசெட் இரண்டுக்கும் போர் தண்ணீர். கீசர், மிக்ஸர், பேசின் மூன்றுக்கும் நல்ல தண்ணீர். கீசருக்கு ஒரு தொட்டி, மிக்ஸரின் குளிர்ப் பக்கத்துக்கு இன்னொரு தொட்டி என்று மட்டும் கொடுத்துவிடக் கூடாது. நீர்மட்டம் வேறுபடும்போது ஒரு தொட்டித் தண்ணீர் மிக்ஸர் வழியாக மற்றதற்குள் ஏறிவிடும்.

போர் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டு வரிசைகளும் அறைக்குள் நுழையும் முன், கதவுக்கு வெளியே கைக்கு எட்டும் இடத்தில் வரிசைக்கு ஒன்றாக, தண்ணீரை அடைக்கும் பால் வால்வு வை. விருந்தினர் போனதும் இரண்டையும் மூடிவிடலாம். பூட்டிய அறையில் ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் வெடித்து வீடு நனைவது இதனால் நிற்கும். வால்வை மூடுமுன் கீசர் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டு.

கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட். ஒயர் 4 சதுர மில்லி, 16 ஆம்பியர் பிளக், சுவிட்ச் கதவுக்கு வெளியே. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பழைய வீடு என்பதால் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்.

இனி ஈரம். இந்த வேலையில் பணமும் பொறுமையும் இதற்குத்தான் அதிகம் வேண்டும். தரைக்கடிக் குழாய்கள் போட்டு, மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு அடித்து இறுக்கி, நான்கு அங்குலம் கான்கிரீட் போடட்டும். சுவரும் தரையும் சேரும் மூலை முழுக்க இரண்டு அங்குலத்துக்குக் கலவையால் வளைத்துப் பூசச் சொல். செங்கோண மூலையில்தான் பூச்சு முதலில் வெடிக்கும். குழாய் தரையைத் துளைக்கும் இடங்களைச் சாதாரண சிமெண்டால் அடைத்தால் காயும்போது சுருங்கி மயிரிழை இடைவெளி விழும், சுருங்காத கிரவுட் என்ற அடைப்புக் கலவை வேண்டும். அது காய்ந்த பிறகு பொடியும் திரவமும் கலந்து அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை: முதல் கை கிழக்கு மேற்காக, மறுநாள் இரண்டாவது கை தெற்கு வடக்காக. மூலைகளில் முதல் கை ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதிக்க வேண்டும். சுவரில் எல்லாப் பக்கமும் ஓரடி. குளிக்கும் இடத்தில் ஆறடி. படுக்கையறைப் பக்கச் சுவரை முழு நீளத்துக்கும் ஆறடி அடித்துவிடு.

கோட்டிங் காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, வாசலில் சின்ன வரப்புக் கட்டி, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்து. சுவரில் பென்சிலால் கோடு போடு. கூடவே ஒரு தட்டையான பேசினில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டு அங்கேயே விடு. பேசினில் இறங்கிய அளவே தரையிலும் இறங்கியிருந்தால் ஆவியானது, அதற்கு மேல் இறங்கினால் கசிவு. வெயிலில் வற்றியது என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. நின்றதென்றால் அதன் மேல் கோட்டிங் கிழியாதபடி முக்கால் அங்குலக் கலவை மூடி, அதிலேயே வாட்டத்தை எடுத்துவிட வேண்டும். ஏழடி நீளத்துக்கு ஒரு அங்குலம், கதவோரம் மேடு, ட்ராப் இருக்கும் எதிர் மூலை பள்ளம். வாட்டத்தை டைல்ஸ் ஒட்டும் பசையில் சரிசெய்ய விட்டால் எங்காவது குளம் கட்டும்.

டைல்ஸ் கணக்கு: 5 அடிக்கு 7 அடி அறைக்குச் சுற்றளவு 24 அடி, ஏழடி உயரத்துக்கு 168 சதுர அடி, கதவுக்கு 17 கழித்தால் சுமார் 150, சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 165. ஓரடிக்கு இரண்டடி என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 300க்கு 600 மில்லிதான், 1.94 சதுர அடி வரும், ஆக 86. பெட்டிக்கு 5 என்றால் 18 பெட்டி. தரைக்கு ஓரடிக்கு ஓரடி, 40 டைல்ஸ். தரை டைல்ஸ் சொரசொரப்பு ஆர்-11 தரத்தில் இருக்கட்டும், ஈரத்தில் கால் வழுக்குவது குறையும். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் இருக்க வேண்டும். மிஞ்சும் டைல்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் வை. ஒட்டும் பசை 20 கிலோ மூட்டை ஒன்று, மூன்று மில்லி கனத்தில் 45 முதல் 50 சதுர அடி வரும். ஐந்து மூட்டை வாங்கு. சுவரில் அடி வரிசையை மட்டும் விட்டு மேலே ஒட்டி, தரை முடிந்தபின் அடி வரிசையைத் தரை மேல் உட்காரவைக்க வேண்டும். இணைப்பில் இடைவெளி இரண்டு மில்லி. அந்த இடைவெளியை அடைக்க, தரைக்கு எபாக்ஸி கிரவுட். சாதாரண கிரவுட் போர் தண்ணீரில் மஞ்சளாகும், அதை வெளுக்க ஆசிட் ஊற்றுவார்கள், ஆசிட் கிரவுட்டையும் தின்னும், குழாய் மினுமினுப்பையும் தின்னும்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. மிக்ஸர், கமோடு எல்லாவற்றையும் காடி வெட்டுவதற்கு முன்பே வாங்கி வீட்டில் வைத்திரு. கமோடின் கழிவு மையம் சுவரிலிருந்து 12 அங்குலம் என்றால் அது டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து. செங்கல்லிலிருந்து அளந்தால் பூச்சும் டைல்ஸும் ஒரு அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும், கமோடு உட்காராது.

பெரியக்காவுக்கு முழங்கால் வலி என்றாயே. கமோடு இருக்கை 17, 18 அங்குல உயரத்தில் இருக்கட்டும். பக்கச் சுவரில் 28 முதல் 30 அங்குல உயரத்தில் ஸ்டீல் கைப்பிடி. அதன் ஆணி விழும் இடத்தில் டைல்ஸுக்குப் பின்னால் பசை முழுமையாக நிரம்பியிருக்க வேண்டும், பொள்ளலாக இருந்தால் துளைக்கும்போதே விரியும். கமோடு கதவுக்கு அருகில், குளிப்பது உள்ளே. அப்போது இரவில் எழுந்து வருபவர் ஈரத்தை மிதிக்க வேண்டியதில்லை. கதவு இரண்டரை அடி, வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே தடுத்துவிடும். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டும் கிடைக்கிறது, அதையே போடு.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஆறு அங்குலம் போதும். கதவடியில் அரை அங்குல இடைவெளி விட்டால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும்.

மாசி பிறந்ததும் ஆரம்பித்தால் நான்கு வாரம். மாசிக் கடைசியில் முடிந்துவிடும். பூச்சு வேலைக்குப் பின் ஏழு நாள், நாளைக்கு மூன்று முறை தண்ணீர் தெளிப்பதை யாராவது ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும். கூலியை மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசு: அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர் நிறுத்திப் பார்த்ததில் கசிவில்லை என்றானதும் ஒரு பங்கு. திருவிழா நெருங்கினால் ஆள் கிடைக்காது, தள்ளிப்போடாதே.

விருந்தாளிகள் போன பிறகு கமோடிலும் ட்ராப்பிலும் தண்ணீர் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கச் சொல். ஊருக்குப் போய் வீட்டையே பூட்டுவதாக இருந்தால் ட்ராப் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடு, சீக்கிரம் வற்றாது.

வாசல் படிக்கல்லை நீ அங்கே வாங்காதே. இங்கே மேலூரில் கிரானைட் கல்லறுக்கும் பட்டறையில் அறுத்து, ஓரம் உருட்டி நான் கொண்டுவருகிறேன். பூச்சு முடிந்ததும் நிலைக்கு நடுவே அளந்த அகலத்தையும் சுவர்க் கனத்தையும் மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. கல்லின் கனம் 20 மில்லி, உள்தரை அறைத் தரையைவிட அரை அங்குலம் தாழ்வாக வரும்படி கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
சேகர்