கிறிஸ்துமஸ் பாட்டுப் பகிர்வு: கேட்காத பாட்டைத் தேடுவது எப்படி?

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் குழுவில் அதிகம் கேட்காத கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பகிர்வது டிசம்பர் 1 அன்று தொடங்குகிறது.

பொதுவாக ‘கிறிஸ்துமஸ் பாடல்கள்’ என்று தேடாதீர்கள். அதிகம் கேட்கப்பட்டவையே மேலே வரும். அதே பழைய பாட்டுகள் வேறு வேறு குரலில் கிடைக்கும், அவ்வளவுதான். கலைஞர்களே தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கிறிஸ்துமஸ் டேகோடு ஜாஸ், மெட்டல், ஆம்பியன்ட் என ஏதாவது ஒரு வகையையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடி, புதியவை முதலில் வரும்படி வரிசையை மாற்றுங்கள். நவம்பர் பாதியிலிருந்து புது வெளியீடுகள் குவியும்.

மொழியை மாற்றினால் இன்னும் வளமான உலகம் திறக்கும். ஸ்பானிய வில்யன்சிகோ, போர்ட்டோ ரிக்கோவின் அகினால்டோ, போலந்தின் கொலெண்டா, ட்ரினிடாடின் பராங் எல்லாமே அந்தந்த ஊர்க் கிறிஸ்துமஸ் பாட்டு வகைகள். குவாட்ரோவும் (சின்ன கிட்டார் போன்ற கருவி) மராக்காவும் (கிலுகிலுப்பை போன்ற கருவி) துள்ள, ஸ்பானிய மொழியில் பாடப்படும் பராங்கை ஒருமுறையாவது கேளுங்கள்!

தலைப்பு புதிதாக இருந்தாலும் ஏமாற வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் பாட்டின் மூன்று புள்ளி மெனுவில் ‘கிரெடிட்ஸ்’ (பாட்டை உருவாக்கியவர்கள் விவரம்) பாருங்கள். எழுதியவர் இடத்தில் ‘டிரெடிஷனல்’ (மரபுப் பாட்டு) என்றிருந்தால் அது பெரும்பாலும் பழைய கேரலின், அதாவது பாரம்பரியக் கிறிஸ்துமஸ் பாட்டின், மறுவடிவம். ஆல்பத்தை முழுசாகக் கேட்பதும் பலன் தரும். லோ என்ற அமெரிக்க இசைக்குழுவின் 1999 ‘கிறிஸ்துமஸ்’ தொகுப்பில் பழைய கேரல்களோடு அவர்களே எழுதியவையும் உண்டு.

ஸ்பாட்டிஃபையில் தேடும்போது ‘பிரைவேட் செஷன்’ போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜனவரியிலும் பரிந்துரையில் மணியோசைதான்.

பதிவில் பாட்டு, பாடியவர், ஆண்டு, இசைவகை, லிங்க் ஐந்தும் வேண்டும். ஒருவருக்கு நாளுக்கு ஒரு பாட்டு. பகிருமுன், யாராவது ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று குழுவில் பாட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள்.