கழிவுநீர் மோட்டார்: எல்லா வீட்டாரும் படிக்கவும்

வணக்கம். நேற்று இரவு தரைத்தளக் குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து வந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. மோட்டார் பழுதில்லை. தொட்டியில் நீர் ஏறினால் மோட்டாரை ஓடவைக்கும் மிதவை சுவிட்சின் வயர் பைப்பில் சுற்றிக்கொண்டதால் மிதவை எழும்பவில்லை. தொட்டி நிரம்பியும் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு, சங்கிலியைப் பிடித்து மோட்டாரை மேலே தூக்கிச் சரிசெய்தார். கூடவே இம்பெல்லரில் (மோட்டாரில் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) சிக்கியிருந்த வெட் வைப்ஸும் ஒரு நாப்கினும் வந்தன. யார் வீட்டுடையது என்று கேட்கப் போவதில்லை. ஆனால் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அவை கரையாது. குப்பையில் போடுங்கள்.

மோட்டார் நின்றதும் பைப்பில் இருக்கும் நீர் தொட்டிக்கே திரும்புகிறது. நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை, ஞாயிறன்று மாற்றுகிறோம். காலை 10 முதல் 12 வரை தண்ணீரைக் குறைவாகப் புழங்கவும். அன்றே மோட்டாருக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுகிறோம். அது ட்ரிப் ஆனால் திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் முக்கியமானது. செருப்பு விழுந்தாலும் செல்போன் விழுந்தாலும் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு சேரும். முதலில் அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கூலி கொடுத்து ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. அடைப்பு பெரிதானால் கழிவுநீர் லாரிதான்.

மூடியைத் திறந்துபோட்டிருந்தது யார்? குழந்தைகள் விளையாடும் இடம் அது.