மேலூர் கல்லும் சியாமென் பட்டறையும்

ஆசிரியர் அய்யா அவங்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகைல, சீனா ஏழை நாடுகளுக்கு கடன குடுத்தே கவுத்துப்புடுதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு இன்னொருத்தர் சீனா செஞ்ச மாதிரியே செஞ்சா எந்த ஏழை நாடும் முன்னேறிடலாம்னு பதில் எழுதியிருந்தார். ரெண்டையும் நிதானமா படிச்சேன், ரெண்டுலயும் பாதி உண்மை இருக்கு, ஆனா மேலூர்ல உக்காந்து பாக்குற எனக்கு கல்லும் தாதுவும் வெளிய போற ஊருக்கு தொழிலும் வேலையும் வருதாங்கற விசயத்தை ரெண்டு பேருமே தொடாமலே போயிட்டாங்கன்னு பட்டுச்சு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நான் 11 வருசம் இங்க ஒரு கிரானைட் யார்டுல கல்லு அளந்து கணக்கு எழுதுற வேலை பார்த்தவன். கீழவளவு, கீழையூர் பக்கத்துல இருந்து அறுத்த கல்லு லாரில வந்து இறங்கும், வாங்க வர்றவங்க முதல்ல ஒரு வாளி தண்ணிய எடுத்து கல்லு மேல ஊத்துவாங்க, ஈரம் பட்டாத்தான் கலரு தெரியும், உள்ள கீறல் ஓடியிருந்தா அதுவும் தெரியும். அப்புறம் நான் டேப் புடிச்சு நீளம் அகலம் உயரம் அளந்து, ஓரத்துக்கு கழிவு தள்ளி, பெயிண்டுல நம்பர் போட்டு, இத்தனை கன மீட்டர்னு நோட்டுல எழுதுவேன். காஷ்மீர் ஒயிட்னு உலகம் பூராம் பேரு வாங்குன வெள்ளைக் கல்லு இருக்குல்ல, அது காஷ்மீர்ல எடுக்குறது இல்ல, எங்க மேலூர் பக்கத்துக் கல்லு தான். அது தூத்துக்குடி போயி கப்பல் ஏறும். நிறைய சீனாவுக்கு போச்சு. அங்க சியாமென்னு ஒரு துறைமுக ஊரு, அந்த வட்டாரத்துல கல்லு அறுக்குற பட்டறைக ஏராளம், உலகத்துல எந்த மூலைல எடுத்த கல்லும் அங்க போயி பலகையா அறுபட்டு பாலிஷ் ஆகி அமெரிக்கா, ஐரோப்பான்னு கிச்சன் மேடைக்கு போவுது. நாங்க வித்தது முழுக் கல்லு, கூடவே மலையவும் வித்தோம். அறுக்குற வேலை, பாலிஷ் வேலை, டிசைன், மிஷின் செய்யுற வேலை, அதுல வந்த லாபம் எல்லாம் அங்க.

2012ல அப்போ மதுரை கலெக்டரா இருந்த சகாயம் அய்யா சட்டவிரோத கிரானைட் குவாரிகளால 16,000 கோடி ரூபாய்க்கு மேல அரசுக்கு இழப்புன்னு அறிக்கை குடுத்தது உங்களுக்கு தெரியும், உங்க பத்திரிகையே பக்கம் பக்கமா போட்டுச்சு. அதுக்கு அப்புறம் குவாரிகளை மூடுனாங்க. எங்க யார்டும் மூடுச்சு, கூட வேலை பார்த்த பயலுக திருப்பூரு, கோயமுத்தூருன்னு போயிட்டாங்க. திருட்டை பத்தி அவ்வளவு பேசுனோம், பேசவும் வேணும். ஆனா ஒழுங்கா லைசென்ஸ் வாங்கி ஒழுங்கா பணம் கட்டி வித்திருந்தாலும் கல்லை முழுசா அனுப்பிட்டு வேலைய அடுத்தவனுக்கு குடுத்தது சரியான்னு அன்னைக்கு யாரும் கேக்கல. நானும் அப்போ கேக்கல, எனக்கு அது அப்போ தோணவே இல்ல.

அந்த சியாமென் ஊரு எப்படி வந்துச்சுன்னு பின்னாடி தேடித் தேடி படிச்சேன். 1980ல சீனா முதன்முதலா வெளிநாட்டு கம்பெனிகளுக்கு திறந்துவிட்ட நாலு சிறப்பு பொருளாதார மண்டலத்துல அது ஒண்ணு, மத்த மூணும் ஷென்சென், ஜூஹாய், ஷான்டோ. அதுக்கு முந்தி 1978ல ஆன்ஹுய் மாகாணத்துல சியாவோகாங்னு ஒரு கிராமத்துல 18 விவசாயிக ரகசியமா கையெழுத்து போட்டு கூட்டுப்பண்ணை நிலத்தை குடும்பத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக்கிட்டாங்க, விளைச்சல் ஏறுச்சு, அரசாங்கமும் அதையே நாடு பூராம் கொண்டுபோச்சு. முதல்ல வயக்காட்டுல காசு, அதுக்கு முன்னாலயே கிராமத்துல பள்ளிக்கூடமும் வைத்தியமும், அதுக்கு மேல தான் ஃபேக்டரி. வெளிநாட்டுக்காரன் வந்தப்பவும் வா, ஆனா எங்க ஆளை கூட்டாளியா சேத்துக்கன்னு பல துறைல கண்டிசன் போட்டாங்க. கார் ஃபேக்டரிய எடுத்துக்கங்க, வெளிநாட்டு கம்பெனிக்கு பாதிக்கு மேல பங்கு கிடையாதுங்கற விதி 1994ல இருந்து இருந்துச்சு, பயணிகள் காருக்கு அதை முழுசா எடுத்ததே 2022ல தான். வந்தவன் சம்பாதிச்சான், கூட நின்னவன் தொழிலை கத்துக்கிட்டான். இன்னைக்கு அவங்க எலக்ட்ரிக் காரை பார்த்து ஜெர்மன்காரன் பயப்படுறான்.

இப்ப அதே சீனா பெரிய ஆளா ஆகி அடுத்த நாட்டுக்கு போகுது. போன இடத்துல அந்த ஏழை நாடு அந்த கண்டிசனை திருப்பி சீனாக்கிட்ட போடுதான்னு தான் நான் பாக்குறேன். பெரும்பாலும் போடல.

இலங்கைய எடுத்துக்கங்க, நமக்கு பக்கத்து வீடு. அம்பாந்தோட்டை துறைமுகம் சீனாவோட எக்ஸிம் பேங்க்னு சொல்ற ஏற்றுமதி இறக்குமதி வங்கி கடன்ல கட்டி 2010ல திறந்தாங்க, கப்பல் சரியா வரல, 2017ல ஒரு சீன கம்பெனிக்கு 99 வருச குத்தகை, 112 கோடி டாலர். கடனுக்கு பதிலா துறைமுகத்தை புடுங்கிட்டான்னு தான் எல்லாரும் எழுதுறாங்க, உங்க கட்டுரையும் அப்படித்தான் சொல்லுச்சு. ஆனா குத்தகைல வந்த டாலர் இலங்கையோட கையிருப்புக்குத்தான் போச்சு, துறைமுகத்துக்கு வாங்குன கடன் இன்னும் இலங்கை தலையிலயே தான் நிக்குது. 2022 ஏப்ரல்ல அந்த நாடு கடன் கட்ட முடியலன்னு கைய விரிச்சப்ப வெளிக்கடன்ல சீனாவோடது ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு, அதை விட பெருசு உலக சந்தைல பத்திரம் போட்டு கூடுதல் வட்டிக்கு வாங்குனது. அதனால சீனாவை மட்டும் வில்லனாக்கிட்டு நாம நிம்மதியா தூங்க முடியாது. எந்த சரக்கு ஏத்துறதுக்கு துறைமுகம், சுத்தி என்ன தொழில் வரும், எம்புட்டு பேருக்கு வேலைன்னு அந்த ஊரு சனங்க கிட்ட யாரும் பேசாம அப்போ அதிபரா இருந்த மகிந்த ராஜபக்ச சொந்த ஊருக்கு கட்டுனது தான் மூலத் தப்பு.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லாட்டி நியாயமா இருக்காது. ஏழை நாடுகளுக்கு ரோடு போட, கரண்டு எடுக்க, ரயில் விட கடன் கேட்டா 1980கள்ல இருந்து வாசிங்டன்ல இருக்குற ஐ.எம்.எஃப்.பும் உலக வங்கியும் குடுத்த பதில் செலவை குறை, மானியத்தை வெட்டு, அரசு கம்பெனிய வித்துப்புடுங்கறது தான். சீனா வந்த பிறகு கேக்குறதுக்கு இன்னொரு வாசல் கிடைச்சுது. அது சின்ன விசயமில்ல. சீனா தானே ஏழையா இருந்த காலத்துல, 1970ல ஆரம்பிச்சு ஆறு வருசத்துக்குள்ள, தான்சானியாவுக்கும் ஜாம்பியாவுக்கும் நடுவுல 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை வட்டி இல்லாத கடன்ல போட்டு குடுத்துச்சு, மேற்கு நாடுகள் ஆகாதுன்னு சொன்ன பாதை அது. ஆனா அந்த பாதையில ஜாம்பியாவோட செம்பு வெளிய போறதுக்குத்தான் வழி வந்துச்சு, செம்புல கம்பி இழுக்குற, மோட்டார் சுத்துற தொழில் அதே அளவுக்கு வரல, 2020ல ஜாம்பியா கடன் தவணை கட்ட முடியாம நின்னுச்சு. மதுரை தூத்துக்குடி நாலுவழிச் சாலைல எங்க கல்லு லாரி வேகமா போன மாதிரி தான் இதுவும்.

எத்தியோப்பியா கொஞ்சம் யோசிச்சு செஞ்சுச்சு. அடிஸ் அபாபால இருந்து ஜிபூட்டி துறைமுகத்துக்கு 750 கிலோமீட்டர் மின்சார ரயில், 2016ல திறந்தாங்க, அதே வருசம் ஹவாசால துணி தைக்குற தொழில் பூங்கா, சீனால கூலி ஏறுது, அங்க இருந்து கிளம்புற தையல் வேலை, செருப்பு வேலைய நாம புடிச்சுக்கலாம்னு கணக்கு. கணக்கு தப்புன்னு சொல்ல மாட்டேன், வங்கதேசமும் வியட்நாமும் அப்படித்தான் மேல வந்தாங்க, நம்ம செய்யாறு, கள்ளக்குறிச்சிக்கு ஷூ ஃபேக்டரி வர்றதும் அதே காத்துல தான். ஆனா உள்நாட்டு சண்டைய காட்டி 2022 ஜனவரில அமெரிக்கா வரிச் சலுகைய நிறுத்துச்சு, ஆர்டர் குறைஞ்சுது. கூலி கம்மிங்கறது மட்டுமே நம்ம பலம்னா அடுத்தவன் ஒரு கையெழுத்துல அதை அழிச்சுடுவான்.

கொஞ்சம் மாத்தி யோசிச்சது இந்தோனேசியா. 2020 ஜனவரில இருந்து நிக்கல் தாதுவை மண்ணா வெளிய விடமாட்டோம், வேணும்னா இங்க வந்து உருக்குன்னுட்டாங்க. ஐரோப்பா உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டு 2022ல செயிச்சும் அவங்க விடல. சீன கம்பெனிக தான் வந்து மொரோவாலில உலை கட்டுனாங்க, இன்னைக்கு உலக நிக்கல்ல பாதிக்கு மேல இந்தோனேசியாவுல. இதை நான் முழு மனசோட பாராட்ட முடியல, நிலக்கரி எரிச்சு உருக்குறாங்க, கடல் மண்ணு நெறமா ஆவுதுன்னு மீனவங்க கதறுறாங்க, 2023 டிசம்பர்ல உலை வெடிச்சு 20 பேருக்கு கிட்ட செத்தாங்க. ஆனாலும் தாதுவை மண்ணாவே விட மாட்டேன்னு ஒரு ஏழை நாடு சொல்ல முடியுங்கறத அது காட்டிருச்சு. மேலூர் கல்லுக்கு அப்படி ஒருத்தர் சொல்லியிருந்தா எத்தனை பட்டறை இங்கயே வந்திருக்கும்னு ராத்திரில நினைச்சு பாப்பேன்.

இதெல்லாம் தூரத்து கதைன்னு நினைக்காதீங்க, சீனா வளர்ந்ததோட விளைவு எங்க வாசலுக்கே வந்துச்சு. ஜாக் ஹேமர்ல மாட்டுற டிரில் ராடு நுனில பளபளன்னு ஒரு துண்டு பதிச்சிருக்கும், கார்பைடுன்னு சொல்லுவோம், அது டங்ஸ்டன்ங்கற உலோகத்துல செஞ்சது. உலகத்துல தோண்டுற டங்ஸ்டன்ல ஏறக்குறைய 80 சதவீதம் சீனாவுல. அதனால நாங்களும் தோண்டணும்னு எல்லா நாடும் அவசரமா கிளம்புச்சு, நம்ம ஒன்றிய அரசும் முக்கிய கனிமம்னு லிஸ்ட் போட்டு ஏலம் விட்டுச்சு, 2024 நவம்பர்ல பார்த்தா நாயக்கர்பட்டி வட்டாரத்துல 2,000 ஹெக்டேருக்கு மேல ஒரு பெரிய கம்பெனிக்கு ஏலம் போயிடுச்சு. அதுக்குள்ள அரிட்டாபட்டி. 2022ல தமிழ்நாட்டுலயே முதல் பல்லுயிர் பாரம்பரிய தலம்னு அறிவிச்ச ஊரு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரை கோயில், ஊரைச் சுத்தி கண்மாயும் சுனையும். நாங்க 2025 ஜனவரி 7ம் தேதி மதுரைக்கு நடந்தோம், பொம்பளைக புள்ளைகளை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தாங்க, தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் கூட்டம். அதுக்கு முந்தியே சட்டமன்றத்துல தீர்மானம் வந்துடுச்சு, ஜனவரி 23ம் தேதி ஏலத்தை ரத்து பண்ணிட்டாங்க. அடுத்த மாசமே சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு போட்டுச்சு, அதை வச்சு பாத்தீங்களா அன்னைக்கு எதுத்தீங்களேன்னு என்கிட்டயே ரெண்டு பேரு கேட்டாங்க.

நான் சொன்ன பதிலு இது தான். தோண்டி என்ன பண்ண போறோம்? தாதுவ சுத்திகரிக்கிற, பவுடராக்குற, அதுல டூல் செய்யுற தொழில் எங்க வைப்பீங்க, யாருக்கு சொல்லித்தருவீங்கன்னு அந்த ஏலத்துல எங்க ஊருக்காரங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. குழி எங்களுக்குங்கறது மட்டும் தெளிவா இருந்துச்சு. சீனாவோட வேகம் வேணுங்கறவங்க இன்னொன்னும் யோசிக்கணும், அங்க ஒரு அணைக்கோ சுரங்கத்துக்கோ ஊரைக் காலி பண்ண சொன்னா நடந்து போயி நிறுத்த வழி ரொம்ப குறைவு. இங்க ரெண்டரை மாசத்துல நிறுத்துனோம். அதை வளர்ச்சிக்கு தடைன்னு எழுதாதீங்க அய்யா, மனசு கஷ்டமா இருக்கு.

கப்பலூர்ல எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் வண்டிக்கு பார்ட்ஸ் செய்யுறாரு, மிஷின் சீனால வாங்குனது, விலை பாதி, ஓட்டம் நல்லா இருக்கு. மிஷினோட எலக்ட்ரானிக் போர்டு போயிடுச்சுன்னா அங்க இருந்து ஆளு வரணும், 2020க்கு அப்புறம் சில வருசம் விசா கிடைக்க மாசக்கணக்கு ஆச்சு. 2025 ஏப்ரல்ல சீனா கார் மோட்டாருக்கு வேணுங்கற அரிய மண் காந்தத்தோட ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு போட்டப்ப கார் கம்பெனிகளே தடுமாறுச்சு, அதோட அதிர்வு இவருக்கும் ஆர்டர்ல தெரிஞ்சுது. மிஷினை வாங்காதன்னு சொல்றதுல அர்த்தமில்ல, வாங்கும்போதே ரிப்பேர் பாக்க நம்ம பாலிடெக்னிக் பசங்க நாலு பேருக்கு பயிற்சி குடுன்னு அரசாங்கம் சேத்து பேரம் பேசியிருக்கலாம். ஒத்தையா ஒரு சின்ன முதலாளி கேட்டா அவன் குடுக்க மாட்டான். குஜராத்துல மோர்பி ஊரு டைல்ஸ் கம்பெனிக்காரங்க வெளிநாட்டு மிஷினை வாங்கி, சீன டைல்ஸுக்கு வரியும் போட வச்சு, தொழிலை கைக்குள்ள கொண்டுவந்து இன்னைக்கு உலகத்துக்கே ஏத்துமதி பண்றாங்க, அதனால நம்மால ஆகாதுன்னு சொல்ல முடியாது.

உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணு. 2024 ஜனவரில சென்னைல முதலீட்டாளர் மாநாடு நடந்தப்ப 6.64 லட்சம் கோடின்னு முதல் பக்கத்துல போட்டீங்க, எத்தனை கோடிங்கறதும் யாரு யாரு கை குலுக்குனாங்கங்கறதும் வந்துச்சு. இனிமே அப்படி ஒரு ஒப்பந்தம் வந்தா, சீனாவோ தைவானோ கொரியாவோ யாரா இருந்தாலும், எத்தனை வருசத்துல எவ்வளவு பாகம் இங்கயே செய்யணும், எத்தனை பேருக்கு எந்த வேலை கத்துக் குடுக்கணும், குடுக்காட்டி என்ன அபராதம்னு அந்த பேப்பர்ல எழுதியிருக்கா இல்லையான்னு கேட்டு போடுங்க. தகவல் உரிமை சட்டத்துல கேட்டா எனக்கு பதில் வர எம்புட்டு நாளாகும்னு தெரியல, உங்க நிருபர் போன் பண்ணா ஒரு நாள்ல சொல்லுவாங்க. மதுரை மாவட்டத்துக்கு வர்ற ஒப்பந்தத்துல இருந்தே ஆரம்பிங்க, கல்லு, கனிமம் சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் கணக்கு பாக்க என்னைய கூப்பிடுங்க, அளக்கத் தெரியும், வந்துடுவேன்.

இப்படிக்கு,
மேலூர் வாசகர்,
மதுரை மாவட்டம்.